மருமகன் போட்ட காசும் மச்சானின் முருகையும்



கொஞ்சம் நீளமான பதிவு. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் பிரயோசனப்படும் என்று எழுதுகிறோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் இருவரும் காலைத் தேநீரோடு இருக்கும்போது டோஹாவிலிருந்து தங்கச்சியின் வீடியோ கோல் வந்தது. இங்கே எட்டரை, அங்கே ஆறு மணி. தன் முகத்தைக் காட்டாமல் கமெராவை நேரே தொட்டிப் பக்கம் திருப்பினாள். பின்னால் மருமகன் அழும் சத்தம்.

மச்சான் மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த 300 லீற்றர் கடல்நீர்த் தொட்டி அது. மீன் நாலைந்துதான். மற்றதெல்லாம் உயிருள்ள முருகைகள். கடையில் வளர்த்து விற்கும் சிறு துண்டுகளாக வாங்கியவை. அதில் நீல நிற அக்ரோபோரா ஒன்று, விரல் நீளத்தில் வந்தது, இப்போது இரண்டு சாண் அகலம். சுபஹுக்கு எழும்பிய மச்சான் டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். அடியிலிருந்து பாதி வரை வெள்ளை. தசை நனைந்த கடதாசி மாதிரிக் கிழிந்து நீரில் மிதக்கிறது. இரவு படுக்கும்போது நன்றாக இருந்தது.

தொட்டிக்குள் மணலில் ஒரு சில்லறைக் காசு கிடந்தது. முதல் நாள் பின்னேரம் மீனுக்குச் சாப்பாடு போட்டது எட்டு வயது மருமகன். "காசுல செம்பு இருக்கும். செம்பு பட்டா முருகை செத்துரும். இவன்தான் கொண்டான்" என்று மச்சான் சத்தம் போட, பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்களும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தோம். "வேற என்ன போட்டான் எண்டு கேளுங்க" என்றோம். அடுத்த நிமிடம் "வெளிறலாக்கும், தண்ணி சூடாகிட்டா பாருங்க" என்றோம். 2016இல் கடல் சூடேறி எங்கள் நாட்டு முருகைகள் வெளிறிய செய்தி மனதில் இருந்தது. வெள்ளையைக் கண்டதும் வெளிறல் என்று வாய் சொல்லிவிட்டது. கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, பத்து வருடமாக "முதலில் அவதானி, பிறகு முடிவு சொல்" என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பேர் செய்த வேலை அது.

அதற்குள் மச்சான் ஒரு கையில் மருந்துப் போத்தல், மறு கையில் வாளி. பாதித் தண்ணீரை மாற்றப் போகிறாராம். "மச்சான், ஒண்டையும் ஊத்தாதீங்க. முதல்ல அளப்பம்" என்று நிறுத்தினோம். தண்ணீரை மாற்றிவிட்டால் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

முதல் கேள்வி: தசை இருக்கிறதா, இல்லையா? வெளிறலில் தசைக்குள் வாழும் நுண்ணிய அல்காக்கள்தான் போகும். தசை கண்ணாடி போல மிஞ்சும், உற்றுப் பார்த்தால் சிறு வாய்கள் தெரியும், மீளவும் வாய்ப்புண்டு. இங்கே வெறும் எலும்புக்கூடு. வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. வெப்பமானி 26 பாகை காட்டியது. ஆகவே வெளிறல் இல்லை.

இரண்டாவது: ஏதாவது தின்கிறதா? முருகையைத் தின்னும் தட்டைப்புழுக்கள் உண்டு. அவை கடித்த புள்ளிகளையும் முட்டைகளையும் விட்டு வைக்கும், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். அப்படி எதுவும் இல்லை. கபில நிறக் கூழ் போலப் படிந்து நாறும் நோயும் ஒன்று உண்டு. அதுவும் இல்லை.

மூன்றாவது: வேறு யாருக்குச் சுகமில்லை? இதுதான் மருமகனைக் காப்பாற்றிய கேள்வி. செம்பு கரைந்திருந்தால் முதலில் விழுவது இறால்களும் நத்தைகளும். தங்கச்சி கமெராவை நகர்த்தினாள். நத்தை கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. இறால் முன்னுக்கு வந்து சாப்பாடு கேட்டது. மென்முருகைகள் விரிந்திருந்தன. ஒரு இரவு கிடந்த ஒற்றைக் காசு குற்றவாளி இல்லை.

நாலாவது: இந்த இரண்டு கிழமைக்குள் என்ன மாறியது? "ஒண்டும் மாறல்ல" என்றார் மச்சான். திரும்பக் கேட்டோம். அதே பதில். சரி, அளவுகள் சொல்லட்டும் என்று டெஸ்ட் கிட்டை எடுக்கச் சொன்னோம். உப்பு 35, சரி. நைத்திரேற்று 5, சரி. காரத்தன்மை 11.5 டிகேஎச். போன சனிக்கிழமை அது 8. திரும்ப அளந்தார். அதே 11.5.

தெரியாதவர்களுக்கு: கல்முருகை தன் எலும்புக்கூட்டைக் கல்சியம் காபனேற்றால் கட்டுகிறது. அதற்காகத் தினமும் நீரின் காரத்தன்மையை எடுத்துக்கொள்ளும். எடுத்ததை வளர்ப்பவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். மச்சான் அப்பச்சோடாவை, அதாவது சோடியம் இருகாபனேற்றைக் கரைத்து, சிறிய பம்ப் ஒன்றால் துளித்துளியாக விட்டுவந்தார்.

"அந்தப் போத்தல எப்ப நிரப்பின?"

"சனிக்கிழம. அப்பச்சோடா முடிஞ்சி. கடையில சோடியம் காபனேற்று இருந்திச்சி. அதுவும் நல்லமாம். அதே கிராம் கணக்குலதான் போட்டன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சமையலறை மேசையில் கிடந்த பில் துண்டின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். 84 கிராம் இருகாபனேற்று கொடுக்கும் காரத்தன்மையை 53 கிராம் காபனேற்றே கொடுத்துவிடும். ஒரே நிறையில் போட்டால் ஏறக்குறைய 1.6 மடங்கு. தொட்டி ஒரு நாளைக்கு எடுப்பது 1. ஆகவே தினமும் 0.6 மிச்சம். ஆறு நாளில் 3.6. சனிக்கிழமை இருந்த 8ஐயும் கூட்டினால் 11.6. டெஸ்ட் கிட் சொன்னது 11.5.

மச்சான் நெடுநேரம் பேசவில்லை.

இப்படித் தசை திடீரென உரிவதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பற்றீரியாவும் சேர்ந்து வேலை செய்யலாம். ஆனால் கிளைவிடும் கல்முருகைகளுக்குக் காரத்தன்மை சட்டென்று ஏறுவது பெரிய அதிர்ச்சி. மாறியதும் அது ஒன்றுதான். கணக்கும் பொருந்தியது.

அன்று செய்தது இவ்வளவுதான். பம்ப்பை நிறுத்தினார். அமிலம் ஊற்றி அவசரமாக இறக்கவில்லை, அது இரண்டாவது அதிர்ச்சியாகிவிடும். முருகைகளே எடுத்து மெல்ல மெல்ல இறங்கட்டும் என்று விட்டார். வடிகட்டியில் புதிய கரி போட்டார். அக்ரோபோராவை வெளியே எடுத்து, வெள்ளைக் கோட்டுக்கு நன்றாக மேலே, உயிருள்ள பகுதியில் வெட்டி ஐந்து துண்டாக்கி, ஜெல் பசையால் புதிய கல்லில் ஒட்டினார். கோட்டின் ஓரத்திலேயே வெட்டினால் சாவு துண்டோடு சேர்ந்து வரும்.

தாய் முருகை ஜும்ஆவுக்கு முன்னமே முடிந்துவிட்டது. ஐந்து துண்டில் மூன்று பிழைத்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான் பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி, "வாப்பாட பிழ மகன்" என்று சொன்னாராம். தங்கச்சி சொல்லித்தான் தெரியும். நாங்களும் போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி, மாமாவும் மாமியும் கேட்காமல் சந்தேகப்பட்டோம் என்று மன்னிப்புக் கேட்டோம். "காசு போட்டது நான்தான் மாமி, ஆனா தெரியாமத்தான் விழுந்திச்சி" என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த திங்கள் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தன. போன தவணை 70 எடுத்த பிள்ளை 31. வழமையாக "போன் பார்த்திருப்பான்" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். இந்த முறை கூப்பிட்டு, வீட்டில் என்ன மாறியது என்று கேட்டோம். "ஒண்டும் இல்ல சேர்" என்றான். திரும்பவும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

ஒரு விசயம்: இதை வாசித்துவிட்டுப் பாசிக்குடாப் பக்கம் போய் முருகை உடைத்துக்கொண்டு வராதீர்கள். எங்கள் நாட்டில் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

இப்போது டோஹாவில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு வெள்ளியும் அளவுகளை எழுதுவது மருமகனின் பொறுப்பு. போன கிழமைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கோணல் எழுத்து.

வெப்பம் 26. உப்பு 35. காரத்தன்மை 8.

கடைசி வரியில்: காசு 0.