முறுக்கும் கையின் கணக்கு

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெடுகக் காடு, காடு விலகும் இடத்தில் ஒரு குளக்கட்டு, அதன் கீழே வயல். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அப்பாற் செல்லும் சாரதியைக் காண்பது அரிது. தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு மீண்டும் வண்டியேறினால் கிளிநொச்சி வரும். அதையும் கடந்தால் பரந்தன் சந்தி. அங்கே கிழக்கு நோக்கிப் பிரியும் பாதை முல்லைத்தீவுக் கடலிலே போய் முடிகிறது.

இவ்வழியே வரும் பிரயாணிகள் இரணைமடுக் குளத்தைப் பார்ப்பார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்த நீர்ப்பரப்பு பார்க்கத்தக்கதே. ஆயினும், புரட்டாதி மாதத்தில் வருகிறவர்கள் வீதியோரத்துப் பட்டறைகளில் ஒன்றிலும் சிறிது நேரம் நிற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். காலபோக விதைப்பு நெருங்கும் வேளை அது. நான்கு சில்லு மாசி பெர்குசன்களும், ஊரார் 'லாண்ட் மாஸ்டர்' என்று அழைக்கும் இரண்டு சில்லு உழவு யந்திரங்களும் வாசலில் வரிசையாக நிற்கும். உழவு வாரத்தில் யந்திரம் படுத்துவிட்டால், வாடகைக்கு வேறொன்று தேடிப் பிடிப்பதற்குள் பருவம் தப்பிவிடும். ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு சில போல்ட்டுகளின் இறுக்கத்தில் தங்கியிருக்கிறது என்றால் அது மிகையன்று.

பரந்தனுக்கு அண்மையில் நான் நின்ற பட்டறையில் ஓர் உழவு யந்திரத்தின் 'ஹெட்' பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. யந்திரத்தின் உடலுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே 'கஸ்கட்' என்ற மெல்லிய தகடு இருக்கும். நட்டுகள் தளர்வாக இருந்தால் எரிவாயு அத்தகட்டைச் சுட்டுத் துளைக்கும். நீர் எண்ணெயிலே கலந்து, எண்ணெய் பால்தேநீர் நிறமாகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ புரி அழியும், ஆணி முறியும், ஹெட்டே கோணும். இறுக்கத்தை அளந்து காட்ட 'டோர்க் ரெஞ்ச்' என்றொரு சாவி உண்டு. ஆனால் அறுபது வயது மதிக்கத்தக்க அந்த மெக்கானிக்கின் கையில் இருந்தது சாதாரண ஸ்பனர்.

நடுவிலிருந்த நட்டை முதலில் இறுக்கினார். பின் அதன் இருமருங்கும். இப்படியே சுற்றிச் சுற்றி வெளியோரம் வரை வந்தார். நடுவிலே தொடங்குவதால் தகடு வெளிப்புறமாக விரிந்து சமமாகப் படிகிறது. ஓரத்தில் தொடங்கினால் நடுவிலே மேடு எழும்பி நிற்கும். ஒரே மூச்சில் இறுக்கவும் கூடாது, மூன்று சுற்றாகச் செய்யவேண்டும். பக்கத்திலே நின்ற பையன் முதற் சுற்றிலேயே பலத்தைக் காட்டப் போனான்.

"தம்பி, தோளாலை இழுக்காதை. முதல் சுத்து மணிக்கட்டாலை. அடுத்தது முழங்கையாலை. தோளுக்குக் கடைசியிலைதான் வேலை" என்றார் அவர்.

இதைக் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதிலே கணக்கு இருக்கிறது. போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு வில். இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கிற அந்த இழுவையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்த நீட்சி. டோர்க் ரெஞ்ச் காட்டுவதோ முறுக்குவதற்குச் செலவாகும் பலத்தை. அப்பலத்தில் ஏறக்குறையப் பாதியை நட்டின் அடிமுகத்து உராய்வும், எஞ்சியதிற் பெரும்பகுதியைப் புரியின் உராய்வும் தின்றுவிடுகின்றன. ஆணியை நீட்டுவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே துருப்பிடித்த புரியிலே விலையுயர்ந்த சாவியும் பொய் சொல்லும். முள் சரியான இலக்கத்தைக் காட்டும், ஆணியோ நீண்டிராது.

எனவே அந்தப் பட்டறையிலே நேரத்தில் முக்காற் பங்கு சுத்தம் செய்வதிலே கழிகிறது. கம்பித் தூரிகையால் புரிகளைத் தேய்த்து, நட்டு கைவிரலால் தடையின்றி ஓடும் வரை விடமாட்டார்கள். பின் புரியிலும் வாசரிலும் சொட்டு எண்ணெய். அடைபட்ட துளைக்குள் மட்டும் எண்ணெய் தேங்கக்கூடாது. வெளியேற வழியில்லாத எண்ணெய் போல்ட் இறங்கும்போது வார்ப்பையே பிளந்துவிடும்.

இந்த வித்தை வன்னியில் இத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது. எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைக்குள் அடங்கின. பெட்ரோல் யந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெட்ரோல் விட்டு உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் அவை 'தட்டும்'. அந்தத் தட்டு கஸ்கட்டை வதைக்கும். ஹெட்டை அடிக்கடி கழற்றவேண்டி வந்தது. மாற்றுவதற்குப் புதிய கஸ்கட்டோ எளிதிற் கிடைக்காது. முறிந்த ஆணி ஒன்று ஒரு வண்டியையே நிறுத்திவிடும் என்ற நிலையிலே கைகள் கவனம் கற்றன.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் உழவு யந்திரங்களிலே வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு இதே பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனார்கள். முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தபின், விட்டுச்சென்ற வாகனங்கள் நெடுங்காலம் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்தன. அப்படிக் கிடந்து மீண்ட ஒரு யந்திரத்தையும் தாம் திறந்ததுண்டு என்றார் மெக்கானிக். உப்புக்காற்றிலே நின்ற ஆணிகளில் எதை மீண்டும் நம்பலாம், எதை எறியவேண்டும் என்று தெரிந்தெடுப்பதே அதில் பெரிய வேலையாயிற்றாம். கழுத்துப்போல் ஓரிடம் மெலிந்திருந்தால் அது முன்னமே அளவுக்கு மிஞ்சி நீண்ட ஆணி. மெலிவைக் காணப் புதிய ஆணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இறுக்கும்போது கனம் ஏறிக்கொண்டே வந்து, திடீரெனக் கை இளகுவதுபோல் தோன்றினால், உடனே நிறுத்திக் கழற்றிவிடவேண்டும்.

கையை எப்படி நம்புவது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சுவரிலே தொங்கிய வில்தராசைக் காட்டினார். முல்லைத்தீவுக் கரையிலே மீன் நிறுக்கும் அதே கொளுக்கித் தராசு. புத்தகம் 60 இறாத்தல்-அடி என்று சொன்னால், நட்டின் நடுவிலிருந்து சரியாக இரண்டடி தூரத்திலே ஸ்பனரிற் பூட்டிய குழாயில் தராசைக் கொளுவி, செங்கோணமாக இழுக்கவேண்டும். தராசு 30 இறாத்தல், அதாவது சுமார் 13½ கிலோ காட்டும்போது கணக்குச் சரி. ஓரடி தூரமாயின் அதன் இருமடங்கு. கோணம் சரிந்தால் கணக்கும் சரியும். பழகுகிற பையன் முதலிற் கையால் இறுக்குவான். பின்னர் தராசு அவனைச் சோதிக்கும்.

இன்று கிளிநொச்சியில் எல்லாம் வாங்கலாம். அவரிடமும் ஒரு டோர்க் ரெஞ்ச் இருக்கிறது; வேலை முடிந்ததும் அதன் வில்லைத் தளர்த்தியே பெட்டியில் வைக்கிறார். புதிய வாகனங்களுக்கு அது இன்றியமையாதது. அவற்றில் பலவற்றின் ஹெட் ஆணிகள் மீள முடியாத அளவுக்கு நீட்டப்படுவன. ஒருமுறைக்கு மேல் உதவா. முதலில் சிறு முறுக்கு, பின் இத்தனை பாகை திருப்பு என்று புத்தகம் விதிக்கும். பாகை என்பது உராய்வால் ஏமாறாத அளவு: 1.5 மில்லிமீற்றர் புரியிலே கால் திருப்பம் என்றால் நட்டு 0.375 மில்லிமீற்றர் முன்னேறும், துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே தோளின் ஞாபகம் போதாது. அலுமினிய வார்ப்பிலே அது ஆபத்தும்கூட. இதை அவரே சொன்னார். பழைய யந்திரத்துக்குப் போதுமான கையைப் புதியதிலும் போட்டு விலையுயர்ந்த ஹெட்டுகளைக் கெடுப்போர் இருக்கிறார்கள். அதைத் திறமை என்று ஊர் மெச்சுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் பையன் ஒவ்வொரு நட்டின் மேலும் ஹெட்டின் மேலும் சேர்த்து வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்தான். நட்டு தானே கழன்று திரும்பினால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும். இப்பழைய யந்திரங்களில், சூடேறி ஓடியபின் கஸ்கட் சற்றே அமுங்குவதால், நட்டுகளை இன்னொருமுறை பார்க்கவேண்டும். ஆனால் மழை தொடங்கிவிட்டால் கமக்காரன் யந்திரத்தை வயலிலிருந்து எடுக்கமாட்டான். ஆகவே உழவு வாரத்திலே மெக்கானிக்கே ஸ்பனரைச் சாக்கிலே சுற்றிக்கொண்டு, சைக்கிளில் வாய்க்கால் வரம்பு வழியே வயல் வயலாகப் போகிறார்.