உடன் வரும் பட்டறை

ஐதராபாத்தின் வடகிழக்குப் பகுதியில், குன்றின்மேல் தர்கா விளங்கும் ஊர் மௌலா அலி. அங்குள்ள இரயில் எஞ்சின் பணிமனையில் பொருத்துநராகப் பணிபுரிந்த தமிழர் ஒருவர், ஓய்வு நாள்களில் மரவேலை செய்வார். குடியிருப்பின் பின்கட்டில் ஒரு பழைய மேசையே அவருடைய பட்டறை. இடமாற்ற ஆணை வந்தால், வீட்டை இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் அல்லவா? ஆதலால் சுவரில் ஓர் ஆணியும் அறையாமல், எடுத்துச் செல்லத்தக்க வசதிகளையே அவர் செய்துகொண்டார்.

முதலாவது, தாங்குபலகை. 25 செ.மீ. நீளமுள்ள பலகையின் ஒரு முனையில் மேற்புறமும், மறுமுனையில் கீழ்ப்புறமும் ஒவ்வொரு சட்டத்தைத் திருகாணியால் பொருத்தினார். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பைப் பற்றிக்கொள்ளும். அறுக்க வேண்டிய மரத்தை மேற்சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கலாம். ரம்பத்தை முன்னே தள்ளத் தள்ள, பலகை மேசையோடு மேலும் இறுகும். மரம் நழுவாது, விரலுக்கும் காயமில்லை.

இரண்டாவது, அளவுக்கட்டை. ஒரே நீளத்தில் பத்துத் துண்டுகள் வேண்டுமெனில், பத்து முறை அளப்பதால் பிழை நேரும். ரம்பம் செல்லும் இடத்திலிருந்து உரிய தொலைவில் ஒரு கட்டையைப் பொருத்திவிட்டால், மரத்தின் முனையை அதில் முட்டவைத்து அறுத்தாலே போதும்.

மூலைமட்டத்தையும் அவர் சோதித்தே பயன்படுத்துவார். நேரான பலகை விளிம்பில் அதனை வைத்து ஒரு கோடு வரைவார். பின்னர் மறுபக்கமாகத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து மீண்டும் வரைவார். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மட்டம் சரியானது, விலகினால் பிழையுடையது.

இறுதியாக, கருவிப்பெட்டி. இழைப்புளி, உளி, கொட்டாப்புளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை அமைத்தார். துருப்பிடிக்காதிருக்க, எண்ணெய் தோய்ந்த துணியால் இரும்பைத் துடைத்து வைப்பார். அறைகளுக்குரிய பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டியவள், ஆறாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள். ‘உளி’ தெலுங்கில் ‘உலி’ என்றும், ‘ரம்பம்’ அங்கும் ‘ரம்பம்’ என்றும் வழங்குவதை அவள் வியப்புடன் அறிந்தாள்.

பின்னர்க் காசிப்பேட்டைக்கு இடமாற்றம் வந்தது. பள்ளியும் தோழியரும் பிரிந்த வருத்தத்தில், புதிய வீட்டில் அவள் பேசாதிருந்தாள். தந்தை மேசை விளிம்பில் தாங்குபலகையை அமர்த்தி, “உன் புத்தகங்களுக்கு ஓர் அடுக்கு செய்வோம்; ரம்பத்தை எடுத்து வா, அம்மா” என்றார். பெயர் எழுதிய அறையிலிருந்து அவள் அதனை எடுத்து வந்தாள். முதல் பலகையை அவளே அறுத்தாள்.