சாயப்பட்டறைக் காற்றில் துத்தநாகம்

ஷெட்டுகளுக்கான இரும்புச் சட்டங்களைச் செய்து, கால்வனைசிங் என்னும் துத்தநாகப் பூச்சு செய்வித்து, திருப்பூரின் சாயப்பட்டறைகளில் நிறுத்திக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, துருவைப் பற்றிய விசாரம் இந்த ஊரின் காற்றைப் பற்றிய விசாரத்திலிருந்து பிரிக்க முடியாத ஒன்றாகிவிட்டது.

பெயிண்ட் என்பது இரும்பின்மேல் போர்த்திய ஒரு திரை மாத்திரமே. ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால், அதன் வழியே புகும் ஈரம் திரைக்கு அடியிலேயே பரவி, வெளிக்குத் தெரியாமல் உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். துத்தநாகமோ, சுமார் 450 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகி நிற்கும் தொட்டியில் இரும்பு மூழ்கும்போதே அதனோடு கலந்து, உலோகக் கலவைப் படலங்களாகப் பிணைந்துவிடுகிறது. பின்னர் எங்கேனும் கீறல் பட்டாலும், சுற்றியுள்ள துத்தநாகம் மின்வேதியியல் நியதிப்படி முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. 1837-ல் பிரான்ஸ் தேசத்து ஸொரெல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்த முறையின் தத்துவம் மாறவில்லை.

ஆயினும் தொட்டிக்குள் நடப்பதைக் காட்டிலும், அதற்கு முன் நடப்பதில்தான் என் சிரத்தை முழுவதும் செல்கிறது. இரும்பை முதலில் முக்கியெடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைத் தின்னுமேயன்றி, அடையாளத்துக்காக எழுதிய பெயிண்ட் எழுத்தையோ, வெல்டிங் ஓரத்தில் ஒட்டிய கசடையோ தின்னாது. அந்த இடங்களில் துத்தநாகம் பிடிக்காமல் கரும்புள்ளிகள் நின்றுவிடும். இருபுறமும் அடைத்த குழாயில் காற்றும் நீரும் வெளியேறத் துளையிடாமல் அனுப்பினால், உள்ளே சிக்கிய ஈரம் நொடியில் ஆவியாகிக் குழாயையே வெடிக்கச் செய்யும்; தொட்டியருகே நிற்கும் மனிதரின் உயிர் அந்தச் சிறு துளையில் இருக்கிறது. வெட்டுவது, துளைப்பது, பற்றவைப்பது யாவும் முன்னதாகவே முடிய வேண்டும். பூச்சேறிய ஆங்கிள் சட்டத்தை வேலையிடத்தில் வைத்து மீண்டும் வெல்டிங் செய்வதைப்போல் என் மனத்தை வருத்தும் காரியம் வேறில்லை; துத்தநாகம் எரிந்து போவதுடன், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் வரவழைக்கும். ஆதலால் இணைப்புகளை போல்ட்டுக்கென்றே வரைகிறேன்.

இனி ஊரின் காற்று. ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4759, கனத்தில் அது ஏறக்குறைய 85 மைக்ரான். மிதமான காற்றில் ஆண்டுக்குச் சுமார் ஒரு மைக்ரான் தேய்கிற இந்தப் படலம், உப்பும் ஈரமும் மிகுந்த காற்றில் ஆண்டுக்கு நான்கு முதல் எட்டு மைக்ரான் வரை தேயக்கூடும். இங்கே அந்த உப்பு சாயத்தொழிலிலிருந்து வருவது: பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறமானால் லிட்டர் சாயநீருக்கு 60 கிராமுக்கு மேலும் வேண்டியிருக்கும். அந்த உப்பெல்லாம் ஒரு காலத்தில் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரை நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்ட பின், கழிவுநீர் வெளியேறாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. நதியின் பொருட்டு அது அவசியமானதே. ஆனால் நதிக்குப் போன உப்பு இப்போது கழிவுநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகளின் ஷெட்டுகளில், எங்கள் தூண்களின் பக்கத்திலேயே தங்குகிறது.

வெளியே நிற்கும் இரும்பை மழை கழுவிவிடுகிறது, வெயில் உலர்த்துகிறது. இவ்விதம் நனைந்தும் உலர்ந்தும் வரும்போதுதான் துத்தநாகத்தின்மேல் காற்றிலுள்ள கரியமிலவாயுவின் உதவியால் உறுதியான ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. கூரைக்கு அடியில் அதைத் தாங்கும் பர்லின் சட்டத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. சாய இயந்திரத்தின் ஆவி அதன்மேல் இரவும் பகலும் துளிர்த்து நிற்க, உப்பும் அமில ஆவியும் அதில் கரைந்து நிற்க, படலம் உருவாக அவகாசமே கிடைப்பதில்லை. வெயில், மழைக்கு ஒதுங்கிய இடமே பத்திரமானது என்னும் எண்ணம் சாயப்பட்டறையில் செல்லாது.

ஆகையால் இத்தகைய இடங்களில் துத்தநாகத்தை மட்டும் நம்புவதில்லை. அதன்மேல் எபாக்ஸி பெயிண்டும் ஏற்றுகிறோம். இரண்டும் சேர்ந்தால், தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைக் காட்டிலும் அதிக காலம் உழைக்கின்றன. சாதாரண எனாமலைப் புதுத் துத்தநாகத்தின்மேல் நேராக அடித்தால் சில பருவங்களில் தோல் தோலாக உரிந்துவிடும். சிக்கனம் என்று அதைச் செய்விப்பவர்களோடு நான் வாதாடாத நாள் குறைவு. தூண்களின் அடித்தகட்டைத் தரைமட்டத்தில் வைக்காமல் கான்கிரீட் மேடையின்மேல் நிறுத்துகிறேன். உப்புநீர் தேங்குவது தரைமட்டத்தில்தான். கூரைச் சட்டங்களை அவ்வப்போது நல்ல நீரால் கழுவும் வேலையையும் பராமரிப்புக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். சுத்திகரிப்பில் உப்பு நீங்கி மீளும் தண்ணீரே அதற்குப் போதும், அது ஒவ்வொரு பட்டறையிலும் கைவசம் இருக்கிறது.