நுவரெலியா ஏற்றத்தில அரைப் பேர்

யாழ்ப்பாணத்தில சைக்கிள் ஓடிப் பழகினவனுக்கு ஏற்றம் எண்டால் மதகடி மட்டும்தான். அந்தக் காலோடதான் நுவரெலியாவுக்குப் போனன்.

முதல்ல கிறகரி வாவியில 750 மீற்றர் நீச்சல். நான் கசூரினாக் கடலில நீந்திப் பழகினவன். உப்புத் தண்ணி ஆளைத் தூக்கிப் பிடிக்கும், வாவித் தண்ணி அப்பிடி ஏந்தாது. குளிர் வேற. ஒரு மாதிரிக் கரையேறினன்.

சைக்கிள்தான் கதை. றம்பொடை வீதியால 10 கிலோமீற்றர் போய், அதே வழியால திரும்ப ஏற வேணும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்க காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில ஒரு பங்கு குறைவு. கடைசிக் கியரும் முடிஞ்சுது, மூச்சும் முடிஞ்சுது. இறங்கித் தள்ளினன்.

வளைவில ஒரு அம்மா கொழுந்துச் சாக்கோட அதே ஏற்றத்தில வந்தா.

"எதுக்குத் தம்பி இப்பிடிக் கஷ்டப்படுறீங்க?"

"தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கிறம், அம்மா."

"சைக்கிள் ஓட்டுனா காசு குடுப்பாங்களா?"

பகிடிக்கில்லை, உண்மையாத்தான் கேட்டா. பல தோட்டங்களில ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து பறிக்க வேணும். குறைஞ்சால் அரைப் பேர். நான் பாதி வழியில இறங்கித் தள்ளினாலும் நன்கொடை குறையாது. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் செமிக்கேல்லை. அரசாங்கம் கட்ட வேண்டிய மலசலகூடத்துக்கு நாங்கள் ஏன் மலையேறுறம் எண்டதும்தான்.

பிறகு 5 கிலோமீற்றர் ஓட்டம். கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துது. கடைசியில இருந்து நாலாவது ஆள் நான். பள்ளிக்கூடத்தில ரெண்டு மலசலகூடத்துக்கு அத்திவாரம் வெட்டியாச்சு.