இஸ்திரிப் பெட்டி வைத்தியம்

ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்கு சார்." ஜோசியர்களுக்குச் சனி மாதிரி இவர்களுக்குக் கேஸ். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் சமாசாரம் அது. எங்காவது கசிந்தாலொழியக் குறையாது. கசிவைத் தேடாமல் ஏற்றிவிட்டு மட்டும் போகிறவர் அடுத்த சித்திரையிலும் வந்து நிற்பார்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் மொட்டை மாடியில் கேஜ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் ஏ.சி. பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூன்று கால்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுத்திருந்தது. நல்ல வட்டமான பழுப்பு. மற்ற இரண்டும் புதுசாகவே இருந்தன. அது ஏன் ஒன்று மட்டும்?

கணக்குப் போட்டால் விஷயம் சுவாரசியமாகிறது. பழைய மாடல் ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் அந்த ஒரு கால் தளர்ந்து, இணைப்பில் 1 ஓம் தடை உண்டானால் போதும்: 8 வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 64 வாட் சூடு அந்த நக அளவு இடத்தில் கிளம்பும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

8 வோல்ட்தானே என்று விடலாம். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் ஐந்து மடங்கு ஆம்பியர் கேட்கும். அப்போது தொலைவது 40 வோல்ட். மே மாத ராத்திரி, தெருவுக்கே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 160. மோட்டாரின் சுழற்றும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160 என்றால் 230-இல் கிடைக்கும் பலத்தில் பாதிகூடத் தேறாது. வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று முனகும், எழுந்திருக்காது, சூடேறி ஓவர்லோட் 'டக்'கென்று அறுத்துவிடும். உள்ளே ஃபேன் மட்டும் சமர்த்தாக ஓடும். காற்று வருகிறது, குளிர் இல்லை. கேஸ் கம்மி என்று சொல்வதற்கு இதைவிட வசதியான நிலைமை ஏது? (கெப்பாசிட்டர் சோர்ந்துபோனாலும் இதே முனகல்தான் கேட்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இன்வெர்ட்டர் ஏ.சி. வந்தபின் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். முனகல்தான் இல்லை. வோல்டேஜ் குறையக் குறைய அது ஆம்பியரைக் கூட்டி வாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்கிறது. தளர்ந்த பிளக் இன்னும் நன்றாகப் பழுக்கும்.

எங்கள் ஊரில் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். மல்டிமீட்டர் கிடையாது. டெஸ்டரை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பையில் ஒரு ஹோல்டர், 100 வாட் பல்பு, முனை சீவிய இரண்டு வயர். அவ்வளவுதான். அப்போது எங்கள் வீட்டில் தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து இழுத்த வயரிங். ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டே நின்றுவிடும். கடைக்காரர் அனுப்பிய ஆள் டெஸ்டரை வைத்து, எரிகிறது, கரண்டு ஜோராக வருகிறது, கம்ப்ரஸர்தான் போயிற்று என்று தீர்ப்புச் சொல்லிப் போய்விட்டான். அப்பா பணத்துக்கு அலைய ஆரம்பித்திருந்தார்.

பெரியவர் வந்தார். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பல்பைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. எனக்கே சப்பென்றாகிவிட்டது. அவர் அம்மா பக்கம் திரும்பி, "இஸ்திரிப் பெட்டி இருந்தா குடும்மா" என்றார். சட்டை தேய்க்கப் போகிறாரோ என்று பார்த்தோம். அதே லைனில் இஸ்திரிப் பெட்டியை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பல்பு சட்டென்று மங்கிச் சிவந்தது. அணைத்தார், பளிச். போட்டார், மங்கல். "டெஸ்டர் எரியறதுக்கு ஊசிமுனை அளவு கரண்டு போதும் தம்பி. சும்மா இருக்கறப்ப எல்லா வயரும் நல்ல வயருதான்."

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தோடு விரல் ஓட்டிக்கொண்டே போனார். கூடத்து மூலையில் ஒரு மரக் கட்டையின் மூடியைத் திருகித் திறந்தால், அலுமினிய வயரோடு செப்பு வயரை முறுக்கி ஒரு ஜாயின்ட். சுற்றியிருந்த டேப் கருகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அலுமினியமும் செம்பும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி பிடி விட்டுப்போகும், அலுமினியத்தின் மேல் கரண்டு கடத்தாத ஆக்ஸைடும் படியும். கம்ப்ரஸருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது இன்னும் பல வருஷம் ஓடியது.

அபார்ட்மென்ட் வாழ்க்கையில் ஜாயின்ட் நம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. கீழே மீட்டர் போர்டில் பொது நியூட்ரல் தளர்ந்தால், கீழ்வீட்டில் கிரைண்டர் போட்டதும் மேல்வீட்டு லைட் பிரகாசமாகிறது. லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும், குறைந்த ஃபேஸில் எகிறும். ஒரு வீட்டில் ஏ.சி. முனகும் நேரத்தில் இன்னொரு வீட்டில் டி.வி. வெடிக்கும். இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். லோ வோல்டேஜ் என்றால் நமக்குத் தெரிந்தது ஃபேஸ் மாற்றும் ஸ்விட்சைத் திருப்புவது ஒன்றுதான். தெருவே ஒரே ஃபேஸுக்குத் திரும்பி, அதையும் அரை மணியில் மங்க வைத்துவிடும்.

வழியில் தொலைவது வோல்டேஜ் மட்டுமல்ல. ஒன்றரை டன் ஏ.சி. என்கிறோமே, எதன் டன்? பனிக்கட்டியின் டன். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். நம் அறையில் தொங்குவது நாளொன்றுக்குச் சுமார் 1,360 கிலோ பனிக்கட்டிக்குச் சமம். அந்தப் பனிக்கட்டி ஒருகாலத்தில் நிஜமாகவே கப்பலில் வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கை அனுப்பினார். நாலு மாதப் பயணம். ஏற்றியது 180 டன், இறங்கியது சுமார் 100 டன். மெட்ராஸுக்கு வந்த பனிக்கட்டியை வைக்கக் கடற்கரையில் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். டியூடரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: வழியில் கரையும் என்று அவருக்குத் தெரியும், அதற்காக மரத்தூள் பொதிந்து அனுப்பினார். நம் வீட்டுக்கு வயர் இழுத்தவர்களோ ஏ.சி.க்கு 4 ஸ்கொயர் எம்.எம். வயர் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ஆகவே கேஸ் என்று ஆரம்பிக்கும் மெக்கானிக்கிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: கம்ப்ரஸர் நிற்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை வோல்டேஜ் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை. பிளக் பழுத்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு அதோடு சாக்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளேயிருக்கும் பித்தளைத் தகடு ஒருமுறை சூட்டில் பிடி தளர்ந்தால் மறுபடி இறுகாது. புது பிளக்கையும் ஒரே கோடையில் பழுக்க வைத்துவிடும்.