முச்சலிக்கை

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், கடவுச்சீட்டுச் சரிபார்ப்புக்கு அன்றிக் காவல் நிலையத்தின் படியை மிதிப்பதில்லை. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை என்பது நம்மிற் பலருக்குப் பெருமை. பெருமைதான், ஆயினும் அதன் பயனாக, அங்கே என்ன நடக்கும் என்பதே நமக்குத் தெரியாமற் போயிற்று.

2025-ஆம் ஆண்டுக் கோடையில், முனிர்க்காவில் அறையெடுத்துத் தங்கியிருந்த சேலத்து இளைஞர் ஒருவரின் பொருட்டு நாங்கள் நால்வர் ஓர் இரவு முழுதும் அப்படியில் நிற்க நேர்ந்தது. பணியாளர் தேர்வாணையத் தேர்வில் வென்று நியமன ஆணைக்குக் காத்திருந்தவர் அவர். தண்ணீர் லாரிக்கு முன் வாளி வைப்பதில் வாய்ச்சண்டை மூண்டது, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றினர், கூட்டம் சேர்ந்தது. காவலர் வந்து இருதரப்பிலும் மும்மூன்று பேரை வண்டியில் ஏற்றினர். எவர்மீதும் ஒரு கீறல்கூட இல்லை.

"கலந்தரா" என்றார் அங்கிருந்த அலுவலர். பொது அமைதிக்குப் பங்கம் விளையும் என்று அஞ்சி, ஒருவரைப் பிடித்து நிர்வாக நடுவர் முன் நிறுத்தும் அறிக்கைக்குத் தில்லியில் அப்பெயர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 151; 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, 170. குற்றம் செய்தார் என்பதன்று, செய்யக்கூடும் என்பதே வழக்கு. 24 மணி நேரத்துக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. மறுநாள் நிறுத்தப்படும் நடுவரோ, தில்லியில், காவல் துறையின் உதவி ஆணையர். பிடித்த துறையே பிணையும் கேட்கும் இவ்வேற்பாடு எங்களுக்கு ஒப்பவில்லை. நள்ளிரவில் அதை யாரிடம் சொல்வது? ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைகள் இந்த அற்ப வழக்கிலே திகார் சிறைவரை போவதுமுண்டு.

"ஓராண்டு அமைதியாக இருப்பேன் என்று முச்சல்கா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு கையெழுத்து, காரியம் முடிந்தது" என்றார் அலுவலர், நல்லெண்ணத்துடனேயே. அச்சொல் நமக்குப் புதியதன்று. நம் பாட்டனார் பெட்டியிலிருந்த நிலப் பத்திரங்களின் முச்சலிக்கைதான் அது. பழகிய சொல்லாயிற்றே என்றோ என்னவோ, எங்களுள் இருவர் கையெழுத்திடலாம் என்றனர். சேலத்திலிருந்து அவர் தாயாரும், "எப்படியாவது வெளியே கொண்டு வந்துடுங்க அண்ணா, புண்ணியமாப் போகும்" என்று தொலைபேசியில் அழுதார்.

கோப்புகளோடு காலங்கழித்த மற்ற இருவருக்கும் வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. மைய அரசுப் பணியில் சேர்பவர் நிரப்பும் சான்றுறுதிப் படிவத்தில், கைது செய்யப்பட்டதுண்டா என்பதோடு, நன்னடத்தைக்குப் பிணைக்கப்பட்டதுண்டா என்றும் ஒரு வினா உண்டு. பணியிலிருப்போருக்கோ 1965-ஆம் ஆண்டின் விதிகளில் பத்தாம் விதி: 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், குற்றச்சாட்டின் பேரிலாயினும் வேறு வகையிலாயினும், தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளவராகவே கருதப்படுவார். எங்களில் எவரேனும் அன்று வாளியோடு நின்றிருந்தால்!

15100 என்னும் சட்ட உதவி எண்ணை அழைத்தோம். விடிந்ததும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். முப்பது வயது நிரம்பாத பெண். இலவச வக்கீல் இலவச மருந்தைப் போலத்தான் என்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்தார். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு காவலில் உள்ள எவருக்கும் இவ்வுதவியை உரிமையாக்கியிருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் அதிகாரியை மிரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சுக் தாஸ் என்பவர் வக்கீலின்றித் தண்டிக்கப்பட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது: அவர் கேட்கவில்லை என்பது விடையாகாது, அத்தகைய உரிமை உண்டென்று எடுத்துரைப்பதே நடுவரின் கடமை என்றார் தலைமை நீதிபதி பகவதி.

அப்பெண்மணி இளைஞரிடம் சொன்னது ஒரே சொல்: "ஒப்புக்கொள்ளாதீர்கள்." நிலையான முகவரி, முன்வழக்கு இன்மை, காயம் இன்மை ஆகியவற்றை நடுவர்முன் வைத்து, விசாரணைக்கு வருவேன் என்ற சொந்தப் பிணையில் மாலையே அவரை வெளிக்கொணர்ந்தார். பின்பு வாய்தாவுக்கு மேல் வாய்தா. இரண்டாம் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு மூவரும் நம்மவரும் ஒரே கடையில் தேநீர் அருந்தியதைப் பார்த்தோம். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஆறு மாதத்துக்குள் முடியாத விசாரணை, நடுவர் தனிக்காரணம் காட்டி நீட்டித்தாலன்றித் தானே அற்றுப்போகும் என்பது சட்டம், கார்த்திகையில் அற்றுப்போயிற்று.

படிவத்தை நிரப்பும்போது அவர் நடந்ததனைத்தையும் எழுதி, ஆணையின் நகலையும் இணைத்தார். சிறு வழக்குகளை நியமன அதிகாரி பொறுத்துக்கொள்ளலாம், மறைத்தலே கேடு என்பது 2016-ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கின் சாரம். நியமன ஆணை வந்துவிட்டது.

வழக்கறிஞருக்கு ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம். ஆணைக்குழு எனக்குத் தருகிறது என்று திருப்பிவிட்டார். மாறாக, இந்தித் தாள்களைத் தமிழ்த் தொழிலாளருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை, உங்கள் பெயரும் எண்ணும் வேண்டும் என்றார். எங்கள் நால்வர் எண்ணும் இப்போது அவர் குறிப்பேட்டில் உள்ளன. இதுவரை மூன்று முறை அழைத்திருக்கிறார். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு.