தனம்மாளின் பேத்தி

அன்புள்ள அம்முவுக்கு,

சித்தி எழுதுவது. கல்லூரி மலருக்காக நீ எழுதிய பாலசரஸ்வதி கட்டுரை கிடைத்தது. அபிநயத்தைப் பற்றிய பகுதி அருமை, இரண்டு தரம் படித்தேன். ஆனால் "பாரம்பரிய இசைக் குடும்பத்தில் பிறந்தார்" என்று ஒரே வரியில் அவர் குடும்பத்தைத் தாண்டிப் போய்விட்டாயே, அதுதான் உறுத்துகிறது. தேவதாசி மரபு என்று எழுதினால் படிக்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று போனில் தயங்கினாய். தயங்காதே கண்ணு. அதை மறைத்தால் பாலா எங்கிருந்து வந்தார் என்பதே மறைந்துபோகும்.

பாட்டி வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். பிற்காலத்தில் பார்வை போனது, வாசிப்பு நிற்கவில்லை. அவருக்கு முன்னால் போனால் தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் பாடியும் ஆடியும் பிழைத்த பெண்கள்தான். தனம்மாளின் மகள் ஜெயம்மாள். ஜெயம்மாளின் மகள் பாலா. தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விசுவநாதன் புல்லாங்குழல். பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை: தனம்மாளின் இன்னொரு மகள் காமாட்சியின் பெண்கள்தான் பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும். க்ஷேத்ரக்ஞர் பதங்கள் அவற்றின் நிதானம் குலையாமல் நம் காலம் வரை வந்ததற்கு இந்த ஒரு வீட்டுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நீ வியந்து எழுதியிருக்கும் அபிநயம் அங்கே பிறந்ததுதான். பாலா ஆடும்போது பாடியவர் அம்மா. பதத்தின் ஒரே அடியை ஜெயம்மாள் திரும்பத் திரும்ப வேறு வேறு சங்கதியில் பாடுவார். ஒவ்வொரு தரமும் மகளின் கண்ணும் கையும் வேறொரு அர்த்தம் சொல்லும். தாயும் மகளும் ஒரே பாட்டில் ஊறியிருந்தால்தான் அது கைகூடும். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். சொல்லிக்கொடுத்த கந்தப்பா, தஞ்சை நால்வர் வழியில் வந்தவர். சதிர் (பரதநாட்டியத்தின் அந்நாளைய பெயர்) என்றாலே பட்டணத்தில் முகம் சுளித்த காலம் அது. அப்போது பெற்ற பெண்ணை மேடையேற்ற ஜெயம்மாளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

இதே மரபில் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியையும் நினைத்துக்கொள். அந்த 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. வீணை வாசித்த அம்மா, வயலின் வாசித்த பாட்டி அக்கம்மாள். 1998-ல் பாரத ரத்னா வாங்கியபோதும் அந்த அம்மாவின் எழுத்து பெயருக்கு முன்னால் நின்றது. பிருந்தாவிடம் அவர் பதம் கற்றுக்கொண்டதையும் இடமிருந்தால் சேர். எனக்கு மிகவும் பிடித்த சேதி அது.

அதே சமயம் மறுபக்கத்தையும் விட்டுவிடாதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாளும் இதே சமூகம்தான். தகப்பனார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டைக் கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். சட்டசபைக்குப் போனதும் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசியாக்குவதை நிறுத்தப் போராடினார். தாய்வழிப் பெண்களின் கஷ்டத்தை வீட்டுக்குள்ளிருந்தே அறிந்தவர். 1947-ல் வந்த சட்டம் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. அதே காலத்தில், காலங்காலமாக ஆடிய குடும்பங்களின் கையை விட்டு ஆட்டமும் போனது. வேறு வீட்டுப் பெண்கள் ஆடியபோதுதான் ஊர் அதை மதித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. யார் சரி என்று நீ தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பாலா அந்தக் காலத்திலும் விடாமல் ஆடினார், கூச்சப்படாமல் தன் வம்சத்தைச் சொன்னார் என்பதை மட்டும் அழுத்திச் சொல்.

1976-ல் சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு உட்கார். கடற்கரையில், காற்றில் புடவை படபடக்க அவர் ஆடும் இடத்தில் முகத்தை மட்டும் கவனி.

இரண்டாவது பத்தியைத் திருத்தி எனக்கு அனுப்பு. பக்கம் போதாது என்று ஆசிரியர் சொன்னால் விருதுப் பட்டியலைக் குறை. தனம்மாளையும் ஜெயம்மாளையும் எடுக்க விடாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சித்தி